வாக்கு காஸாவுக்கு, விசா இஸ்ரேலுக்கு

பொத்துவில் நகரைத் தாண்டிப் பாலத்தில் ஏறி இறங்கினால் அறுகம்பை. அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடும் கடைகள், கொத்துரொட்டிக் கடைகள், வெளிநாட்டுப் பயணிகளுக்காகக் காத்து நிற்கும் முச்சக்கரவண்டிகள். இடையிடையே ஹீப்ரு எழுத்தில் பெயர்ப்பலகைகள். யூத மத நிலையமான சபாத் இல்லத்தின் பக்கம் போனால் சீருடையும் துப்பாக்கியுமாகக் காவல். 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி, அறுகம்பையின் சுற்றுலா இடங்கள் தாக்கப்படலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேலும் தன் பிரஜைகளை இந்தக் கரையை விட்டு உடனே வெளியேறச் சொன்னது. நூற்றுக்கணக்கில் பொலிஸார் வந்து இறங்கினார்கள். விடுதி அறை துப்புரவாக்குகிறவரும் மீன் கொண்டுவந்து கொடுக்கிறவரும் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவரும் இங்கே பலர் பொத்துவில் முஸ்லிம்கள். எங்கோ மத்தியதரைக் கடலோரத்தில் நடக்கும் யுத்தம், தங்கள் வீதியில் சோதனைச் சாவடியாக வந்து நிற்கும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அங்கிருந்து வடக்கே எழுபது கிலோமீற்றர் அளவில் கல்முனை. அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை, சாய்ந்தமருது, மருதமுனை என்று இந்தப் பக்கத்து ஊர்களில் 2023 ஒக்டோபருக்குப் பிறகு காஸாவுக்காகக் கையேந்தாத ஜும்ஆ இல்லை. குனூத் ஓதினார்கள். பதாகை பிடித்தார்கள். காசு சேர்த்தார்கள். எங்கள் எம்.பி.மார் சபையில் காஸாவுக்காகப் பேசிய பேச்சுகளும் துண்டு துண்டாக வட்ஸ்அப் குழுக்களில் சுற்றின.

அந்தப் பேச்சுகளைக் கேட்ட எவரும் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பலஸ்தீனத்துக்கு ஆதரவு தெரிவிப்பதில் இலங்கைப் பாராளுமன்றத்தில் சண்டையே கிடையாது. இடதுசாரி, சிங்களத் தேசியவாதி, தமிழ்க் கட்சி, முஸ்லிம் கட்சி, ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லோரும் ஒரே குரல். சண்டை வருவது வேறோர் இடத்தில்: இஸ்ரேலோடு கொழும்பு செய்யும் கொடுக்கல் வாங்கலில். ஆயுதம், தொழிலாளர், கடற்படைக் கப்பல், விசா, கைது. இந்தக் கணக்கில் எங்கள் பிரதிநிதிகள் எப்போது உரக்கப் பேசினார்கள், எப்போது குரலைத் தாழ்த்தினார்கள் என்று பார்த்தால், அது அவர்கள் சபையில் எந்தப் பக்கத்து ஆசனத்தில் இருந்தார்கள் என்பதோடு அப்படியே ஒத்துப்போகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ரணிலின் கப்பல்

2023 ஒக்டோபர் 7 தாக்குதலில் இஸ்ரேலில் பராமரிப்பு வேலை செய்த இலங்கையர் இருவர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் எங்கள் சபை பலஸ்தீனத்தைப் பற்றி ஒத்திவைப்பு விவாதம் நடத்தியது. ஒக்டோபர் 27ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபையில் மனிதாபிமானப் போர்நிறுத்தம் கோரும் தீர்மானத்துக்கு 120 நாடுகள் ஆதரவளித்தன. இலங்கையும் அவற்றில் ஒன்று. பக்கத்து வீட்டு இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. நவம்பரில் கட்சி பேதமின்றி 150க்கும் மேற்பட்ட எம்.பி.மார் ஐ.நா.வுக்கு எழுதிய கடிதத்தில் கையொப்பமிட்டார்கள். 225 பேர் கொண்ட சபையில் அது மூன்றில் இரண்டு பங்கு. மாகாண சபைத் தேர்தலை நடத்துவதற்குக்கூட இப்படியோர் ஒற்றுமையை இந்தச் சபையில் காண முடியாது.

அதே நவம்பரில் இன்னொரு கையொப்பமும் விழுந்தது. இஸ்ரேலின் பண்ணைகளுக்கு 10,000 இலங்கைத் தொழிலாளரை அனுப்பும் உடன்படிக்கை. தொழில் அமைச்சராக இருந்தவர் மனுஷ நாணாயக்கார. யுத்தத்தோடு பலஸ்தீனத் தொழிலாளரின் அனுமதிப் பத்திரங்களை இஸ்ரேல் நிறுத்தியது. அந்த வெற்றிடத்துக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. வங்குரோத்தடைந்த நாட்டுக்கு டொலர் வேண்டும், வேலையில்லாத இளைஞனுக்குச் சம்பளம் வேண்டும் என்று அரசு சொன்னது. அது பொய்யான காரணமும் இல்லை.

2024 ஜனவரி தொடக்கத்தில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அடுத்த அறிவிப்பைச் செய்தார். செங்கடலில் ஹூதிகளின் தாக்குதலிலிருந்து வணிகக் கப்பல்களைப் பாதுகாக்க அமெரிக்கா தலைமையில் நடக்கும் நடவடிக்கைக்கு இலங்கைக் கடற்படைக் கப்பல் போகும்; இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபா செலவாகும். இந்தக் கணக்கை அவரே சொன்னார். மின்கட்டணம் கட்ட முடியாமல் வீடுகளில் இணைப்பைத் துண்டித்துக்கொண்டிருந்த காலம் அது. எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச தொடக்கம் இடதுசாரிகள் வரை பாய்ந்தார்கள். கப்பல் கட்டணம் ஏறினால் எங்கள் சமையலறையில்தான் விலை ஏறும் என்பது ரணிலின் வாதம். யாருடைய யுத்தத்துக்கு யாருடைய பணம் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. வெளிநாட்டு யுத்தம் ஒன்றைப் பற்றி எங்கள் நாட்டில் அண்மைக்காலத்தில் நடந்த, காசுக் கணக்கோடு கூடிய உருப்படியான வாதம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் முதலாம் திகதி, அதே அரசாங்கம் அமைச்சுகளின் இஃப்தார் நிகழ்வுகளுக்கான செலவை மிச்சம் பிடித்து, காஸா சிறுவர்களுக்கென்று 10 இலட்சம் டொலரை ஐ.நா. நிவாரண நிறுவனத்திடம் கொடுத்தது. ஒரு கை அனுப்பிய கப்பலையும் மறு கை நீட்டிய காசோலையையும் சேர்த்துப் பார்த்தால் இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கை விளங்கிவிடும்.

கிபிர் காலம்

இந்த இரட்டை நாற்காலி ரணிலுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. 1968இல் இஸ்ரேல் கைப்பற்றிய நிலங்களில் மனித உரிமைகளை விசாரிக்க ஐ.நா. ஒரு விசேட குழு அமைத்தபோது அதன் முதல் மூன்று உறுப்பு நாடுகளில் இலங்கை ஒன்று. இன்றும் அங்கே இருக்கிறது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க கொழும்பிலிருந்த இஸ்ரேல் தூதரகத்தை மூட வைத்தார்.

1984இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அதே இஸ்ரேலை அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஒரு 'நலன்கள் பிரிவு' என்ற பெயரில் திரும்ப அழைத்து வந்தார். தமிழ் இயக்கங்களை அடக்கப் பயிற்சி தேவை என்பது காரணம். அப்போது வெளிநாட்டு அமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீது, ஒரு முஸ்லிம். முஸ்லிம்கள் ஊர்வலம் போனார்கள், கண்டனம் எழுதினார்கள். அமைச்சர் 1989 வரை அதே அமைச்சில் இருந்தார். 1985 ஏப்ரலில் கல்முனைக்கும் காரைதீவுக்கும் நடுவே தமிழரும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டபோது, அதன் பின்னால் இஸ்ரேல் ஆலோசகர்களின் கை இருந்தது என்ற கதை இந்தக் கரையில் இன்றுவரை சொல்லப்படுகிறது. இருந்திருக்கலாம். வீடுகளுக்குத் தீ வைத்த கை மட்டும் உள்ளூர்க் கை என்பதை அந்தக் கதை சொல்கிறவர்கள் சில நேரம் மறந்துவிடுகிறார்கள்.

அதன் பிறகு வந்தவர் ரணசிங்க பிரேமதாச. 1988 ஜனாதிபதித் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவருக்கு ஆதரவளித்தார். அதற்குக் கைமாறாக, சிறு கட்சிகள் ஆசனம் பெறுவதற்கான வெட்டுப்புள்ளி 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைந்தது. முஸ்லிம் காங்கிரஸ் இன்றும் சபையில் இருப்பதற்கு அந்த 5 வீதம்தான் அத்திவாரம். 1990இல் பிரேமதாச இஸ்ரேல் பிரிவை மூடினார். 1991 டிசம்பரில், சியோனிசத்தை இனவாதம் என்று கூறிய 1975ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை இரத்துச் செய்தபோது 111 நாடுகள் ஆதரித்தன, 25 நாடுகள் எதிர்த்தன. அந்த 25இல் பெரும்பாலானவை அரபு, முஸ்லிம் நாடுகள். கூடவே கியூபா, வியட்நாம், வட கொரியா, இலங்கை. ஏழு வருடத்துக்கு முன் இஸ்ரேலைக் கூட்டி வந்த அதே ஐக்கிய தேசியக் கட்சி அரசுதான் இந்த வாக்கையும் போட்டது.

இனி வருவதுதான் எங்கள் பக்கத்துக் கதை. 1994இல் சந்திரிகா குமாரதுங்கவின் அரசில் அஷ்ரஃப் அமைச்சரானார். துறைமுகம், கப்பல்துறை, புனர்வாழ்வு அவர் கையில். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது அந்தக் காலத்தில். 1996இல் இஸ்ரேல் தயாரிப்பான கிபிர் விமானங்கள் இலங்கை விமானப்படைக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் வீடுகளில் 'கிபிர்' என்றால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடுவது என்று பொருள். 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தது. அடுத்த மாதமே இலங்கை இஸ்ரேலோடு முழு இராஜதந்திர உறவைத் திரும்ப ஏற்படுத்தியது. அந்த அமைச்சரவையில் முஸ்லிம் காங்கிரஸ் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 16ஆம் திகதி அம்பாறை நோக்கிப் பறந்த ஹெலிகொப்டர் அரநாயக்கவில் விழுந்து அஷ்ரஃப் மறைந்தார். இந்தக் கரை அவரை இன்னும் தலைவர் என்றே சொல்கிறது. அந்தச் சொல்லுக்கு அவர் தகுதியானவர்தான். ஆனாலும் 2000 மே மாதத்தை அவருடைய வரலாற்றிலிருந்து வெட்டி எடுத்துவிட்டுப் படிப்பது நேர்மையாகாது. யுத்தம் நடக்கும் நாட்டில், பல்கலைக்கழகமும் துறைமுகமும் வேண்டி நிற்கும் ஒரு சிறு கட்சி எதை விழுங்க வேண்டியிருந்தது என்பதை அந்த மாதம் காட்டுகிறது.

மகிந்த ராஜபக்ஷவின் கணக்கு இன்னும் விசித்திரம். பலஸ்தீன ஒருமைப்பாட்டுக் குழுவில் இளவயது முதல் இருந்தவர். 2014 ஜனவரியில் இஸ்ரேலுக்கும் பலஸ்தீனத்துக்கும் சேர்த்துப் பயணம் போனார். ரமல்லாப் பக்கம் ஒரு வீதிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதே ஆண்டு ஜூன் 15ஆம் திகதி அளுத்கமவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நீதி அமைச்சராக இருந்தவர் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் றவூப் ஹக்கீம். கட்சி அரசை விட்டு வெளியேறியது டிசம்பர் கடைசியில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது.

பதவியைத் தூக்கி எறிவது எங்கள் அரசியல்வாதிகளுக்குத் தெரியாத வித்தை என்று சொல்ல முடியாது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, 2019 ஜூன் 3ஆம் திகதி, அரசிலிருந்த முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் ஒன்றாகப் பதவி விலகினார்கள். உள்ளூரில் ஆபத்து கழுத்துக்கு வந்தபோது அது முடிந்தது. வெளிநாட்டு யுத்தம் ஒன்றுக்காகப் பதவி விலகுவது வேறு நாடுகளில் நடந்திருக்கிறது. ஈராக் மீது படையெடுப்பதற்கு எதிர்ப்புத் தெரிவித்து, 2003 மார்ச் 17ஆம் திகதி பிரித்தானிய அமைச்சரவையிலிருந்து ரொபின் குக் விலகினார். மறுநாள் வாக்கெடுப்பில் 412க்கு 149 என்று டொனி பிளேயர் வென்றார். குக் தோற்றார் என்றாலும், யார் எந்தப் பக்கம் நின்றார் என்று பெயர் பெயராக எழுதப்பட்ட பட்டியல் இருக்கிறது.

திசைகாட்டியின் முறை

எங்கள் சபையில் அப்படியொரு பட்டியல் கிடைக்காது. ஒத்திவைப்பு விவாதத்தின் முடிவில் வாக்கெடுப்பு இல்லை. நேரம் முடிந்ததும் சபை கலையும். உரைகள் ஹன்சார்டில் ஏறும். வெளிநாட்டு அமைச்சு மறுநாள் வழக்கம்போல் வேலை செய்யும். தொழிலாளர் உடன்படிக்கைக்கோ கப்பல் அனுப்புவதற்கோ சபையின் அனுமதி தேவைப்படவில்லை. பேசினால் செலவில்லை என்பதால்தான் பேச்சு இவ்வளவு தாராளமாக இருக்கிறது.

2024 நவம்பர் 14ஆம் திகதி பொதுத் தேர்தல். திசைகாட்டிச் சின்னத்தில் கேட்ட தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களோடு வந்தது. எங்கள் அம்பாறை மாவட்டமான திகாமடுல்லவின் ஏழு ஆசனங்களில் நான்கு அதற்கு; தமிழரசுக் கட்சி, முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. கல்முனையின் முன்னாள் மேயர் நிசாம் காரியப்பர் தேசியப்பட்டியல் வழியாகச் சபைக்குள் வந்தார். தற்செயலாக அதே நவம்பர் 14ஆம் திகதிதான் ஐ.நா. விசேட குழு, காஸாவில் இஸ்ரேல் யுத்தம் நடத்தும் விதம் இனப்படுகொலையின் இயல்புகளோடு ஒத்துப்போகிறது என்று அறிவித்தது. இலங்கை அங்கம் வகிக்கும் குழு அது.

தேசிய மக்கள் சக்தியின் மையக் கட்சியான ஜே.வி.பி.யின் வரலாற்றில் பலஸ்தீனம் பழைய சொந்தம். இன்று சபை முதல்வராக இருக்கும் பிமல் ரத்நாயக்க பலஸ்தீன ஆதரவுக் கூட்டங்களில் பரிச்சயமான முகம். அதனால் இந்தக் கரையில் திசைகாட்டிக்குப் புள்ளடி போட்ட இளைஞர்கள் அரசிடம் எதிர்பார்த்தது அதிகம்.

கிடைத்தது வேறு. 2025 மார்ச் மாதம் கொழும்பின் ஒரு வர்த்தக நிலையத்தில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது முஸ்லிம் இளைஞன் ஒருவன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்யப்பட்டான். 90 நாள் தடுப்புக் காவல் உத்தரவில் கையொப்பமிட்டவர் பாதுகாப்பு அமைச்சருமான ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க. எதிர்க்கட்சியில் இருந்த காலமெல்லாம் அந்தச் சட்டத்தை ஒழிக்கச் சொன்னவர். விசாரணையில் தீவிரவாதப் போக்கு தெரியவந்தது என்று பொலிஸ் தரப்பு சொன்னது. ஏப்ரல் 7ஆம் திகதி இளைஞன் பிணையில் வந்தான். அவனைக் குற்றவாளியாக்கும் சான்று எதுவும் வெளியே வரவில்லை. சாய்ந்தமருதில் இந்தச் செய்தி வேறு விதமாகக் கேட்கும். 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு தற்கொலைக் குண்டு வெடித்த ஊர் அது. அதன் பிறகு எத்தனை வீட்டுக் கதவுகள் தட்டப்பட்டன என்று ஊர்க்காரருக்குத் தெரியும். பயங்கரவாதம் எது, ஸ்டிக்கர் எது என்று பிரித்தறிய அங்குள்ளவர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

ஜூலையில் 40 நாட்டவருக்கு விசாக் கட்டணம் விலக்கப்படும் என்று வெளிநாட்டு அமைச்சர் விஜித ஹேரத் அறிவித்தார். பட்டியலில் இஸ்ரேல் இருந்தது. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து முஸ்லிம் உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். அறுகம்பை சபாத் இல்லம் யாருடைய அனுமதியில் இயங்குகிறது என்ற கேள்வியும் சபைக்கு வந்தது. ஈரானும் சவூதியும் கட்டாரும்கூட அதே விசாப் பட்டியலில் இருக்கின்றன என்பது உண்மை. அரசின் நெருக்கடியும் உண்மை. ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை அறிவித்திருந்தது. பேசிப் பேசி ஓகஸ்டில் அது 20 வீதத்துக்கு இறங்கியது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்பிள்ளைகளின் சம்பளம் அந்தப் பேரத்தில் தொங்கியது. அந்த மாதங்களில் எந்த அரசாக இருந்தாலும் வொஷிங்டனைச் சீண்டும் காரியத்தைச் செய்திருக்காது.

நெருக்கடியை அரசு சபையில் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். 'இந்த வாக்கு எங்கள் மனச்சாட்சி, இந்த விசா எங்கள் வயிறு' என்று ஒரு அமைச்சர் எழுந்து சொன்னால் வாதாடவாவது ஒரு இடம் கிடைக்கும். கேட்டால் ஐ.நா. வாக்குகளை வாசித்துக் காட்டுகிறார்கள். முந்தைய அரசுகளும் அதைத்தான் வாசித்தன.

ஜனாஸா கற்றுத்தந்தது

வெளிநாட்டு விவகாரம் கொழும்பு ஏழில் நடக்கும் வேலை என்று இந்தக் கரையில் எவரும் நினைக்கக் கூடாது. கொவிட் காலத்தில் எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள். 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி, எரிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்துக்கு முஸ்லிம் காங்கிரஸின் நான்கு எம்.பி.மார் கையுயர்த்தினார்கள், கல்முனையின் எச்.எம்.எம். ஹரீஸும் நிந்தவூரின் பைசால் காசிமும் அதில் அடக்கம். தலைவர் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். எரிப்பு நிற்கவில்லை. 2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து போனார். ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில் இலங்கைக்கு எதிரான தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. இஸ்லாமிய நாடுகளின் வாக்கு அரசுக்குத் தேவைப்பட்டது. அவர் போன கையோடு அடக்கம் செய்யலாம் என்று வர்த்தமானி வெளிவந்தது. மார்ச்சில் ஜெனீவாவில் பாகிஸ்தானும் பங்களாதேஷும் இலங்கையின் பக்கம் வாக்களித்தன.

உள்ளூர் எம்.பி.மாரால் முடியாததை ஒரு வெளிநாட்டு வாக்கு செய்து முடித்தது. ஓட்டமாவடி மையவாடிக்கு ஜனாஸா கொண்டுபோன குடும்பங்களுக்கு அது தெரியும்.

தமிழ் உறவுகளிடமும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காஸாவைப் பார்த்து முள்ளிவாய்க்காலை நினைக்கும் தமிழ் எம்.பி.மாரின் உரையை முஸ்லிம் ஊர்களில் பகிர்கிறார்கள். முள்ளிவாய்க்கால் 2009இல் நடந்தபோது இந்த ஊர்களின் பிரதிநிதிகள் சபையில் என்ன பேசினார்கள் என்று தமிழ் வாசகர் கேட்டால், பதிலுக்கு, புலிகள் முஸ்லிம்களைக் கொன்ற காத்தான்குடிப் பள்ளிவாசலை இழுத்துப் போடாமல் பதில் சொல்லும் தைரியம் எங்களுக்கு இருக்க வேண்டும். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்காக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு சமூகங்கள் காஸா என்றால் ஒரே மேடையில் ஏறுகின்றன. மேடையிலிருந்து இறங்கிய பிறகும் அந்தப் பேச்சு தொடர்ந்தால் நல்லது.

ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் வெளிநாட்டு அமைச்சுக்கும் தொழில் அமைச்சுக்கும் பாதுகாப்பு அமைச்சுக்கும் தனித்தனியே பணம் ஒதுக்கப்படுகிறது. ஒத்திவைப்பு விவாதத்தில் இல்லாத வாக்கு அங்கே இருக்கிறது. வாக்கெடுப்புக் கோரினால் யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு பதிவாகும். இஸ்ரேலுக்கு ஆள் அனுப்பும் உடன்படிக்கையின் முழு வாசகத்தைச் சபையில் சமர்ப்பிக்கச் சொல்லலாம். அறுகம்பைக் காவலுக்கு எவ்வளவு செலவு, யார் கட்டுகிறார் என்று கேட்கலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் காஸா தொடர்பாகக் கைதானவர் எத்தனை பேர் என்று வாய்மூல விடைக்கான கேள்வி போடலாம்.

அடுத்த முறை உங்கள் எம்.பி. காஸாவைப் பற்றி ஊரில் பேச வரும்போது, துஆ முடிந்த கையோடு இந்த மூன்றையும் கேளுங்கள். ஆளும் கட்சிக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். எதிர்க்கட்சிக்காரரிடம் நான்காவதாக ஒன்று: நாளை உங்களுக்கு அமைச்சு கிடைத்தால் இதே கேள்வியைக் கேட்பீர்களா?